நெற்றியிலிருந்து இறங்கும் மூக்கு

மூக்குத்திக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. அது பொருக்குத் தட்டும், உதிரும், முகம் துடைக்கும்போது துண்டில் ஒரு சொட்டு ரத்தம் ஒட்டும், மறுபடி பொருக்குத் தட்டும். மூன்று வருஷம் இப்படியே போயிருக்கிறது. திருகாணி உரசுகிறது என்று நினைத்து அந்த அம்மா மூக்குத்தியைக் கழற்றிவிட்டு மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறார். தங்கம் மட்டமாக இருக்கும் என்று யாரோ சொல்ல, வேறு மூக்குத்தி வாங்கிப் போட்டும் பார்த்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது வலது மூக்கு மடலின் விளிம்பு அரித்துப்போய், புண் நுனி வரைக்கும் ஏறியிருந்தது. பயாப்ஸியில் பேசல் செல் கார்சினோமா என்று வந்தது.

தோலில் வரும் புற்றுநோய்களில் இது மெதுவாக நகரும் வகை. உடம்பின் மற்ற இடங்களுக்கு அனேகமாகப் பரவாது. ஆனால் உட்கார்ந்த இடத்தை விடாமல் தின்னும். வெள்ளைத் தோலில் முத்துப் போல மினுங்கும் சிவப்புக் கட்டியாகத் தெரியும். நம்முடைய தோலில் பெரும்பாலும் கறுத்தே இருப்பதால் மச்சம், மரு என்று விட்டுவிடுகிறார்கள். ஆறாத புண் எதுவாக இருந்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

"மறுபடி மூக்குத்தி போட முடியுமா டாக்டரம்மா?" என்பதுதான் அந்த அம்மாவின் முதல் கேள்வி. வாசலில் நின்றிருந்த மகன் கேட்டது வேறு: "எதை வச்சு மூக்கு செய்வீங்க?"

நெற்றியை வைத்து.

ஆனால் அதற்கு முன்னால் நோய் முழுவதும் வெளியே வந்தாக வேண்டும். கட்டியைச் சுற்றி நல்ல தோலும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்து, எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று நூலால் அடையாளம் கட்டி பேத்தாலஜிக்கு அனுப்புகிறோம். எல்லா ஓரமும் சுத்தம் என்று அறிக்கை வருகிறவரைக்கும் மூக்கைக் கட்டத் தொடங்குவதில்லை. அமெரிக்காவில் பிரெடெரிக் மோஸ் 1930-களில் தொடங்கிய முறைப்படி, வெட்டிய அன்றே அடுக்கடுக்காக மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிக்கவும் வழி உண்டு. அந்த வசதி இல்லாத இடத்தில் டிரெஸ்ஸிங் போட்டுக்கொண்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதுதான். ஓட்டையோடு ஒரு வாரம் வீட்டில் இருப்பது நோயாளிக்கு எவ்வளவு கொடுமை என்று தெரியும். இருந்தாலும் அந்த வாரத்தை நான் யாருக்காகவும் குறைத்ததில்லை. மிச்சம் வைத்த நோயின் மேல் அழகான மூக்கைக் கட்டினால் நோய் அதன் அடியில் ஒளிந்து வளரும்.

அறிக்கை சுத்தமாக வந்தது. இனி கணக்குப் பார்க்க வேண்டும். என்னென்ன போயிருக்கிறது?

மூக்கின் கீழ்ப்பாதியை லைனிங் வைத்துத் தைத்த ரவிக்கையைப் போல நினைத்துக்கொள்ளலாம். வெளியே தோல், உள்ளே ஈரமான மெல்லிய உள்தோல், இரண்டுக்கும் நடுவில் விறைப்புக் கொடுக்கும் குருத்தெலும்பு. மேல்தோல் மட்டும் போயிருந்தால் வேலை சுலபம். நுனியில் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கும் குழி என்றால் பக்கத்துத் தோலையே இரண்டு இதழ்களாக நகர்த்தி மூடிவிடலாம். மடலில் மட்டும் என்றால் கன்னத்து மடிப்பிலிருந்து தோலைத் திருப்பலாம். அந்த அம்மாவுக்கு மூன்று அடுக்கும் போயிருந்தன. வலது மடலின் விளிம்பு முழுவதும் இல்லை. நுனியில் முக்கால் பாகம் இல்லை. மூச்சை இழுத்தால் மிச்சமிருந்த சதை உள்ளே ஒட்டிக்கொண்டது. இந்த மாதிரி இழப்புக்கு நெற்றித் தோலை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. நிறமும் தடிப்பும் மூக்குக்கு அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிற தோல் உடம்பில் வேறெங்கும் இல்லை.

இந்த வழி நம் நாட்டில் பிறந்தது. தண்டனையாகவும் போர்க் கொடுமையாகவும் மூக்கை அறுத்த காலம் ஒன்று இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் மைசூருக்கும் மதுரைக்கும் நடந்த சண்டைக்கு மூக்கறு போர் என்றே பெயர். அறுத்த ஊரில் ஒட்டவும் கற்றுக்கொண்டார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே பண்டை மருத்துவர் சுஸ்ருதர் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்யும் முறையை எழுதிவைத்திருக்கிறார். நெற்றித் தோல் முறை உலகத்துக்குத் தெரியவந்தது கவாஸ்ஜி என்பவரால். ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டியவர். 1792 போரில் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தார். பிறகு புனே பக்கத்தில் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு வைத்துவிட்டார். இந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்தோடு வந்தது. அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் 1814-இல் அதே அறுவையைச் செய்து, 1816-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். அந்தச் செங்கல்காரரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. நெற்றியில் பேனாவால் கோடு போடும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவு வரும்.

அறுவைக்கு முன் இன்னொரு வேலை இருந்தது. அந்த அம்மாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். நாம் செய்யப்போகும் மூக்கு சில வாரங்களுக்கு மெல்லிய ஒரு குழாயை நம்பித்தான் உயிரோடு இருக்கப்போகிறது. பயாப்ஸி வந்த நாளிலேயே புகையிலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நான்கு வாரம் நிறுத்தினார். வெற்றிலையை மட்டும் விடவில்லை; அதை நானும் கேட்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அம்மாவையும் மகனையும் உட்காரவைத்துப் படங்கள் காட்டினேன். நெற்றியிலிருந்து மூக்குக்குத் தும்பிக்கை மாதிரி ஒரு சதைக் காம்பு தொங்கும் படம். மகன் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அம்மா படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு?" "ரெண்டு மாசம்மா." "பேத்தி சடங்கு மாசிலதான். அதுக்குள்ள எடுத்துருவீங்கல்ல?" எடுத்துவிடலாம் என்றேன். இந்தப் படத்தைக் காட்டாமல் யாரையும் தியேட்டருக்குள் கூட்டிப்போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கண் விழித்தபின் கண்ணாடியில் முதல் தடவையாக அதைப் பார்ப்பவரின் பயத்தை எந்த மருந்தும் ஆற்றாது.

முதல் அறுவை.

மயக்க மருந்துக் குழாயைக் கீழுதட்டின் நடுவில் ஒட்டுகிறோம். ஓரத்தில் ஒட்டினால் உதடு இழுபட்டு மூக்கின் அளவு தப்பிவிடும். ஊசி எதுவும் போடுவதற்கு முன்பே பேனாவால் கோடுகள். மருந்து ஏறியதும் தோல் உப்பிவிடும், அதற்குப் பிறகு எடுக்கிற அளவு பொய்.

மூக்கை ஒரே பொருளாகக் கண் பார்ப்பதில்லை. நுனி, தண்டு, இரண்டு பக்கச் சரிவுகள், இரண்டு மடல்கள், துவாரங்களுக்கு நடுவிலுள்ள சின்னத் தூண், நுனிக்கும் மடலுக்கும் இடையே விளிம்பில் இரண்டு சிறு முக்கோணங்கள் என ஒன்பது பாகங்களாக ஒளியும் நிழலும் அதைப் பிரிக்கின்றன. பர்கெட், மெனிக் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 1985-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: ஒரு பாகத்தில் பாதிக்கு மேல் போயிருந்தால், மிச்சத்தையும் எடுத்துவிட்டு முழுப் பாகத்தையும் புதிதாகச் செய்யுங்கள். அப்போது தழும்பு பாகத்தின் எல்லையில் விழும், இயற்கையான நிழலுக்குள் மறைந்துபோகும். இதை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. நல்ல தோலை ஏன் வீணாக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. மடலைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. பாதி மடல் பழசு, பாதி புதுசு என்று இருந்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தூரத்திலிருந்தே தெரியும். அந்த அம்மாவின் நுனியில் மிச்சமிருந்த கால் பாகத்தையும் மடலின் துண்டையும் எடுத்தேன். ஓட்டை பெரிதானது.

அடுத்தது அச்சு. தையல் நூல் வரும் பாக்கெட்டின் உள்ளே அலுமினியத் தாள் இருக்கும். நூலை எடுத்துவிட்டுப் பாக்கெட்டைத் தூக்கிப்போடாதீர்கள் என்று சிஸ்டரிடம் முன்பே சொல்லிவைத்திருப்பேன். அந்தத் தாளை இடது மடலின் மேல் வைத்து விரலால் அழுத்தி, விளிம்பையும் மடிப்பையும் பேனாவால் தொட்டு, கத்தரித்து எடுத்துத் திருப்பிப் போட்டால் அது வலது மடல். இன்னொரு துண்டை நுனியின் மேல் பொத்தினாற்போல அழுத்த வேண்டும். விரித்தால் தட்டையாகும், இவ்வளவு சின்ன மூக்குக்கு இவ்வளவு பெரிய தாளா என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். வளைவுக்கு இடம் அதிகம் வேண்டும், தையற்காரர்களுக்கு இது தெரியும். சுஸ்ருதர் இதற்கு இலையை வைத்து அளந்தார். செங்கல்காரர் மெழுகில் மூக்கு செய்து, அதை நெற்றியில் தட்டையாக்கிக் கோடு போட்டார். எங்களுக்கு நூல் பாக்கெட்.

அந்த அம்மாவுக்கு அச்சின் கீழே இன்னொரு நாக்கும் வைத்தேன். மடலின் விளிம்பைத் தாண்டி உள்ளே மடித்துவிட்டால் அதுவே உள்தோலாகிவிடும். வெளித்தோலும் லைனிங்கும் ஒரே துணியில்.

புருவத்தின் உள்முனைக்குப் பக்கத்தில், நெற்றி நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரத்தக்குழாய் மேலே ஏறுகிறது. டாப்ளர் கருவியின் முனையை வைத்தால் அது உஸ் உஸ் என்று பேசும். அந்த இடத்தைக் காம்பின் அடியாக வைத்துக்கொண்டு, அச்சைத் தலைகீழாக நெற்றியின் மேல்பக்கம் பதிக்கிறோம். காம்பின் அகலம் ஒன்றேகால் சென்டிமீட்டர் இருந்தால் போதும். அகலம் கூடினால் பத்திரம் என்று தோன்றும். உண்மையில் அகலக் காம்பு திரும்பும்போது முறுக்கிக்கொண்டு தன் ரத்தத்தைத் தானே நெரிக்கும். பிறகு ஒரு துணி நாடாவைக் காம்பின் அடியில் பிடித்துக்கொண்டு அச்சின் முனை வரை அளந்து, அதே நாடாவை மூக்குக்குத் திருப்பிப் பார்க்கிறோம். எட்ட வேண்டும். எட்டாவிட்டால் புருவத்துக்குக் கீழே கொஞ்சம் இறக்கி வெட்டலாம், அல்லது தலைமுடிக்குள் ஏறலாம். நம் பெண்கள் பலருக்கு நெற்றி குறுகல். முடிக்குள் ஏறினால் பின்னால் மூக்கில் முடி முளைக்கும். அதை லேசரிலோ வேரோடு பிடுங்கியோ எடுக்க வேண்டியிருக்கும். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் கத்தி. மேலிருந்து கீழே தோலையும் கொழுப்பையும் அடியிலுள்ள தசையையும் சேர்த்தே உரித்துக்கொண்டு வருகிறோம். புருவத்தை நெருங்கும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மழுங்கின கருவியால் எலும்போடு ஒட்டித் தள்ளித் தள்ளி இறங்க வேண்டும். குழாய் அங்கேதான் இருக்கிறது. அந்த ஒரு சென்டிமீட்டரில் தியேட்டரில் யாரும் பேசுவதில்லை.

உரித்து எடுத்த தோல் ஒரு நிமிஷம் காம்பில் தொங்கும். ஓரத்திலிருந்து பிரகாசமான சிவப்பில் ரத்தம் கசிந்தால் நிம்மதி. அதை நடுப்பக்கமாகத் திருப்பி மூக்கின் மேல் இறக்கி, நாக்கை உள்ளே மடித்து மூக்கின் ஈரத்தோலோடு கரையும் நூலில் தைக்கிறோம். வெளியே 6-0 நைலான். நெற்றியின் கீழ்ப்பாதியை இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து மூடிவிடலாம். மேலே தலைமுடி ஓரத்தில் பிளவு சேராமல் ஒரு ரூபாய் அகலத்துக்குத் திறந்தே நிற்கும். அதற்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதில்லை. எண்ணெய்த் துணி வைத்து விட்டுவிட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் தானே சுருங்கி ஆறும். ஒட்டுத்தோலைவிட அந்தத் தழும்பு எவ்வளவோ மேல்.

முதல் இரண்டு நாள் காம்பின் வெறும் பக்கத்திலிருந்து ரத்தம் கசியும். எண்ணெய்த் துணியைச் சுற்றிவைப்போம். இரவில் டியூட்டி சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். வெளுத்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாரித்தால் வந்த ரத்தம் வெளியேறவில்லை. புத்தகங்கள் இப்படிச் சொல்கின்றன, வெள்ளைத் தோலைப் பார்த்து. கறுத்த தோலில் அந்த நிறங்கள் தெரிவதில்லை. விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் எவ்வளவு நேரத்தில் நிறம் திரும்புகிறது, தொட்டால் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் என்றால் ஊசி முனையால் ஒரு குத்து. வரும் சொட்டின் சிவப்புக்கு எந்தத் தோலிலும் ஒரே அர்த்தம்தான்.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் அந்த அம்மா கையால் நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தார். "நெத்தியில ஈ உக்காருதும்மா, கையை வச்சா ஒண்ணுமில்ல." ஈ உட்கார்ந்திருந்தது புது மூக்கின் நுனியில். நெற்றி நரம்பும் காம்போடு சேர்ந்து வந்திருப்பதால் மூளைக்கு அது இன்னும் நெற்றிதான். நான் பஞ்சால் மூக்கைத் தொட்டேன். "எங்க தொடுறேன்?" கண்ணை மூடிக்கொண்டு, பொட்டு வைக்கும் இடத்தைக் காட்டினார்.

ஒரு வாரத்தில் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினோம். மூக்குக் கண்ணாடி போட முடியாது. சோறு ஆவி பறக்கும்போது குனியக் கூடாது. வெளியே போனால் முந்தானை.

நான்கு வாரம் கழித்து இரண்டாவது அறுவை. காம்பை வெட்டுவதற்கு என்று நினைத்து வந்திருந்த மகனிடம் மறுபடி விளக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய இருபத்தைந்தாவது நாளில் காம்பை வெட்டுவார்கள் என்று கவாஸ்ஜியைப் பற்றிய அந்தச் செய்தியில் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் ஆனால் மூக்கிலிருந்து புதுக் குழாய்கள் தோலுக்குள் நுழைந்துவிடும், வெட்டினாலும் பிழைக்கும் என்ற கணக்கு அன்றைக்கே சரியாக இருந்தது. இன்றும் பலர் இரண்டே அறுவையில் முடிக்கிறார்கள். நான் நடுவில் ஒன்று சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. முதல் அறுவையில் பத்திரத்துக்காகத் தடியாக இறக்கிய தோல் இப்போது உருளைக்கிழங்கு போல உட்கார்ந்திருக்கிறது. உள்ளே குருத்தெலும்பும் இல்லை. இப்படியே விட்டால் சுருங்கி விளிம்பு மேலே ஏறும், மூச்சிழுத்தால் மடல் ஒட்டும்.

காம்பைத் தொடாமல், மடித்த விளிம்பில் வெட்டி வெளித்தோலை மட்டும் மெலிதாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் தூக்குகிறோம். அடியிலிருக்கும் கொழுப்பையும் தசையையும் சீவி எடுத்தால், ஆறிய உள்தோல் மெல்லியதாகத் தெரியும். மடித்த நாக்குக்கு இப்போது பக்கத்து ஈரத்தோலிலிருந்தே ரத்தம் வருகிறது, அதனால் துணிந்து சீவலாம். மூன்று அறுவைகளில் உருவம் பிறப்பது இதில்தான். எனக்கு அதிக நேரம் பிடிப்பதும் இதற்குத்தான்.

காதுக்குப் பின்னால் கீறி, காதுக் கிண்ணத்தின் குருத்தெலும்பை எடுக்கிறோம்; காதின் வடிவம் மாறாது. அதன் இயற்கையான வளைவே மடலின் வளைவு. நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை சீவி, நுனியிலிருந்து மடலின் அடி வரைக்கும் விளிம்போடு ஒட்டி வைத்துத் தைக்கிறோம். கடவுள் வைத்த மடலின் விளிம்பில் குருத்தெலும்பு கிடையாது. நாரும் கொழுப்பும் சேர்ந்த சதையே அங்கே விறைப்பாக நிற்கிறது. நாம் வைக்கும் தோலுக்கு அந்தத் தெம்பு இல்லை, அதனால் குருத்தெலும்பு தேவைப்படுகிறது. நுனிக்கு இன்னொரு சின்னத் துண்டு. பிறகு மெலிந்த தோலை மறுபடி போர்த்தி, அங்கங்கே ஊடுருவித் தைத்து அழுத்தினால், மடலுக்கும் கன்னத்துக்கும் நடுவே அந்தப் பள்ளம் முதல் தடவையாகத் தெரியும்.

இன்னும் நான்கு வாரம் போனபின் மூன்றாவது அறுவை. காம்பை நடுவில் வெட்டி, மூக்குப் பக்கத்து மிச்சத்தை மெலித்துப் படியவைத்துத் தைக்க வேண்டும். புருவப் பக்கத்து மிச்சத்தில் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொண்டு புருவத்தின் உள்முனையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகிறோம். இதில் கவனம் தப்பினால் இரண்டு புருவமும் நெருங்கி, எப்போதும் கோபமாக இருக்கிற முகமாகிவிடும். மற்றபடி சுலபமான அறுவை. மாசி பிறப்பதற்கு முன்பே முடித்துவிட்டோம்.

ஒரு வருஷம் கழித்து வந்தார். நெற்றியில் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வெளிர்க் கோடு ஒன்று, அதன் மேல் பாதியை விபூதி மறைத்திருந்தது. நுனியில் உணர்ச்சி கொஞ்சம் திரும்பியிருந்தது. தொட்டால் இப்போது மூக்கு என்றே சொன்னார். வலது பக்கத்தைக் குத்த வேண்டாம், மெல்லிய தோலுக்கு அடியில் குருத்தெலும்பு இருக்கிறது, சீழ் பிடித்தால் அத்தனையும் கரைந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். இடது பக்கம் குத்தி ஒற்றைக் கல் மூக்குத்தி போட்டிருந்தார். அது நன்றாகவே இருந்தது.

டிரேயிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து, ஒரே ஓர் இழையாகப் பிரித்து, வலது துவாரத்துக்குக் கீழே பிடித்தேன். இடது பக்கத்தை அவரே விரலால் மூடிக்கொண்டார். "இழுங்கம்மா, நல்லா." இழை நிமிர்ந்து உள்ளே போனது. மடல் அசையவில்லை.